ஒரு குளிசையைக் காணவில்லை

என் குரல் மற்றவர்களுக்குக் கேட்பதில்லை. பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடும்போது நான் ஒவ்வொரு நாளும் "ஓம் சேர்" என்று சொல்லித்தான் வந்தேன். ஆனாலும் ஒரு தவணை முழுக்க நான் வராத பிள்ளையாகவே பதியப்பட்டிருந்தேன். பத்தாம் வகுப்போடு உண்மையாகவே வராமல் விட்டபோது அந்த இடாப்பில் பெரிய மாற்றம் ஒன்றும் ஏற்பட்டிருக்காது.

பிறகு ஆசுப்பத்திரியில் வேலை கிடைத்தது. வெளிநோயாளர் பகுதியில் கம்பி வலைக்குப் பின்னால் இருந்து, வருகிறவர்களுக்கு இலக்கம் போட்டுத் துண்டு எழுதிக் கொடுக்கிற வேலை. கதைக்கத் தேவையில்லை, எழுதினால் போதும் என்று நம்பிப் போனேன். ஆனால் பெயர் கேட்க வேண்டும், வயது கேட்க வேண்டும். நான் கேட்டால் சனம் கம்பியில் காதை வைக்கும். துண்டுக்காரத் தம்பிக்குத் தொண்டையில் ஏதோ வருத்தம், பாவம், அவர் யாரிடம் துண்டு எடுக்கிறது என்று என் காது படவே பரிதாபப்படுவார்கள்.

அப்படிப்பட்ட நான் ஒரு நாள் எங்கள் ஊரையே அதட்ட வேண்டி வந்தது. அக்காவின் புருஷன், என் அத்தான், கடலில் விறைத்துப்போய்க் கரைக்கு வந்த நாள் அது.

மார்கழி மாதம். வாடைக்காற்றும் மழையும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தன. வலை பார்த்துவிட்டு வருகிறேன் என்று பின்னேரம் தனியாகப் போன அத்தானின் படகு கவிழ்ந்துவிட்டது. வெறும் பிளாஸ்டிக் கான் ஒன்றைக் கட்டிப் பிடித்தபடி விடியும்வரை தண்ணீரில் கிடந்திருக்கிறார். காலையில் தேடிப் போன படகு அவரைத் தூக்கிக்கொண்டு வந்தது.

மன்னார்க் கடலில் ஒருவர் குளிரால் சாக முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அன்று வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். பகலில் கால் வைத்தால் வெதுவெதுப்பான கடல்தான். ஆனால் ஓர் இரவு முழுக்க உள்ளே கிடந்தால் அது உடம்பின் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டே இருக்கும். கடலுக்கு அவசரமில்லை.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அத்தானின் உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. கண் பாதி மூடியிருந்தது. ஏதோ சொன்னார், குடிவெறிகாரன் கதைக்கிற மாதிரிக் குழறியது. ஆனால் உடம்பு நடுங்கவில்லை. நடுக்கம் நின்றுவிட்டது, குளிர் விட்டுவிட்டது என்று எல்லோரும் ஆறுதல் பட்டுக்கொண்டார்கள். நானும் பட்டேன். நடுக்கம் நின்றதற்குத்தான் பயப்பட வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

கரையில் ஆளுக்கொரு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் அவர் காலை மடியில் வைத்துத் தேங்காய் துருவுகிற வேகத்தில் தேய்த்தார்கள். வேறு இரண்டு பேர் அவரை எழுப்பி நடத்தினால் இரத்தம் ஓடும் என்று சொல்லி, கமக்கட்டுக்குள் கை கொடுத்துத் தூக்க ஆயத்தமானார்கள். அத்தானின் கடற்கூட்டாளி சாரத்து மடிக்குள்ளிருந்து ஒரு போத்தலை எடுத்தார். எங்கள் கோயில் சாமியார் பிரசங்கத்தில் சாராயம் என்ற சொல்லைச் சொல்லிச் சொல்லியே திட்டியதால், ஊரில் ஒருவரும் அந்தச் சொல்லைப் பாவிப்பதில்லை. மருந்து என்றுதான் சொல்வார்கள்.

அக்கா தன் கைத்தொலைபேசியை என் கைக்குள் திணித்து, "உன்ர ஆசுப்பத்திரிக்கு அடி" என்றாள்.

வாட்டுத் தொலைபேசி இலக்கம் எனக்கு மனப்பாடம். எடுத்தவர் கடமையிலிருந்த பெண் டொக்டர். சின்ன வயது, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் குரல், ஆனால் தாதிமார் எல்லோரும் பயப்படுகிற ஆள். நான் நடந்ததைச் சொன்னேன். மூன்றாம் தரம் சொன்னபோதுதான் அவருக்குக் கேட்டது.

அவர் முதலில் கேட்ட கேள்வி, மருந்து ஏதும் கொடுத்துவிட்டீர்களா என்பது. நான் கூட்டாளியின் போத்தலைப் பார்த்தேன்.

"எந்த மருந்து டொக்டர்?"

"எத்தனை வகை வைச்சிருக்கிறீங்கள் அங்க?"

நான் விளக்கினேன். எந்த வகையும் வேண்டாம் என்றார். தேய்க்க வேண்டாம், இருத்த வேண்டாம், நடத்த வேண்டாம், மட்டமாகப் படுக்க வைத்து, ஈர உடுப்பைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து, காய்ந்த துணியால் மூடுங்கள் என்றார். பிறகு இதைச் சொன்னார்:

"குளிர்ந்துபோன இதயம் ஒரு கோவக்காரன் மாதிரி. சும்மா ஒரு தட்டுத் தட்டினாலும் தாளம் தப்பிடும். தப்பினா நிண்டிடும். விளங்குதோ?"

எனக்கு விளங்கியது. ஆனால் எனக்கு விளங்கி என்ன பயன்? முப்பது பேர் அங்கே கத்திக்கொண்டு நின்றார்கள். நான் அக்காவின் காதுக்குள் சொன்னேன். அக்காவின் குரல் எனக்கும் சேர்த்துக் கடவுள் அவளிடமே கொடுத்துவிட்ட குரல். அவள் கரை முழுக்கக் கேட்கக் கத்தினாள்.

"எல்லாரும் கையை எடுங்கோ. இவர் இப்ப கோவத்தில இருக்கிறாராம். தொட்டா தாளம் தப்பி நிண்டிடுவாராம்."

டொக்டர் சொன்னது இதுவல்ல. ஆனால் எல்லோரும் கையை எடுத்தார்கள். கோபம் எங்கே தெரிகிறது என்று கூட்டாளி மட்டும் அத்தானின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

அப்போதுதான் அத்தானின் தாய், நாங்கள் மாமி என்று கூப்பிடுகிறவர், கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னுக்கு வந்தார். கையில் பழைய பிஸ்கட் தகரப் பெட்டி. மாமிக்கு நெஞ்சு படபடக்கிற வருத்தம். மாதத்துக்கொரு தரம் எங்கள் கிளினிக்குக்கு வருவார், நான்தான் துண்டு எழுதுவேன். பெட்டிக்குள் அந்த வருத்தத்துக்கு டொக்டர் கொடுத்த குளிசைகள்தான் இருந்தன.

"தாளம் தப்பும் எண்டு டொக்டர் சொல்லுறாதானே. என்ர நெஞ்சு தாளம் தப்பாமல் இருக்கத்தானே இதைத் தந்தவை. அப்ப இதைத்தானே குடுக்கோணும்?"

ஊர் தலையாட்டியது. இதில் பிழை கண்டுபிடிக்க ஒருவராலும் முடியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. குளிசை அட்டையில் இருந்த பெயரை எழுத்து எழுத்தாக டொக்டருக்கு வாசித்து, கொடுக்கலாமா என்று கேட்டேன்.

அவர் ஏசுவார் என்று நினைத்தேன், ஏசவில்லை. நல்ல கேள்வி, பெரிய டொக்டர்மாரும் இதைக் கேட்டவர்கள்தான் என்றார். ஆனால் குளிர்ந்த உடம்பில் குளிசை வேலை செய்யாதாம், கரையாமல், கழியாமல் அப்படியே தங்கி நிற்குமாம். பலன் இல்லை என்று இன்னொன்று கொடுத்தால் அதுவும் நிற்குமாம். பிறகு உடம்பு சூடேறும்போது எல்லாம் சேர்ந்து ஒரேயடியாக வேலை தொடங்குமாம். காப்பாற்ற வந்ததே ஆளை விழுத்திவிடுமாம்.

இதை மாமிக்கு எப்படிச் சொல்வது? அக்காவிடம் விட்டால் குளிசைக்கும் கோபம் வந்துவிட்டது என்பாள். நானே மாமியின் காதுக்குள் சொன்னேன்.

"மாமி, எங்கட கிளினிக் வாங்கில துண்டோட இருக்கிற சனத்தை யோசியுங்கோ. டொக்டர் வராட்டில் என்ன செய்வினம்?"

"சும்மா இருப்பினம்."

"டொக்டர் வந்த உடனே?"

"எல்லாரும் ஒரேயடியா உள்ளுக்கு விழுவினம். போன மாசம் என்னையும் தள்ளி விழுத்தினவை."

"குளிசையும் அப்பிடித்தான்."

மாமி பெட்டியை மூடப் போனார். அந்த நேரத்தில்தான் என் கண்ணில் ஒன்று பட்டது. இலக்கம் எண்ணியே பிழைக்கிறவன் நான், எண்ணாமல் இருக்க வராது. பெட்டிக்குள் மூன்று அட்டைகள். இரண்டு முழுசாக இருந்தன. மூன்றாவதில் ஒரே ஒரு குழி மட்டும் வெறுமையாக இருந்தது. மாமி கிளினிக்குக்கு வந்து மூன்று கிழமை. ஒவ்வொரு நாளும் போட்டிருந்தால் அட்டைகள் முடிகிற நேரம் அது. மூன்று கிழமையாகக் குளிசையே போடாத மாமி ஒன்றை மட்டும் உடைத்திருக்கிறார் என்றால், அது எப்போது? யாருக்காக?

டொக்டரிடம் சொன்னேன், ஒன்று குறைகிறது என்று. அவர் குரல் மாறியது.

"அது அவருக்கு உள்ள போயிட்டுதோ இல்லையோ எண்டு எனக்குக் கட்டாயம் தெரியவேணும். அதைப் பாத்துத்தான் நான் இங்க என்ன செய்யிறது எண்டு முடிவெடுக்கோணும். வந்து சேர முதல் கேட்டுச் சொல்லுங்கோ."

நான் அக்காவிடம் சொன்னதுதான் பிழை. அக்கா அதை ஊர் முழுக்கக் கேட்கக் கேட்டாள். மகனுக்கு எதையாவது வாய்க்குள் போட்டீர்களா என்று மருமகள் முப்பது பேருக்கு முன்னால் கேட்டால் எந்த மாமியார் ஓம் என்பார்? அது நான் காலையில் போட்டது என்று மாமி தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். வலது கையை நெஞ்சோடு சேர்த்து இறுகப் பொத்திக்கொண்டு, உதடு அசையச் செபம் சொல்லத் தொடங்கினார். கைக்குள் செபமாலை என்று நினைத்தேன். செபம் சொல்கிறவரிடம் மேலும் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அம்புலன்ஸ் வேறொரு நோயாளியை ஏற்ற அக்கரையில் நறுவிலிக்குளத்துக்குப் போயிருந்தது. திரும்பிப் பாலம் கடந்து வந்தாலும் தார் வீதியில்தான் நிற்கும். எங்கள் ஒழுங்கையில் முழங்கால் அளவு மழைத்தண்ணீர், அதற்கு இங்கால் மணல். வீதி வரைக்கும் அத்தானைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும், அதுவும் ஆட்டாமல். எங்கள் ஆட்கள் மீன்பெட்டி தூக்குகிறதைப் பார்த்திருக்கிறேன். வைப்பதென்றால் அவர்களுக்கு எறிவது.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அக்காவின் காதுக்குள் சொன்னேன், அவள் அறிவித்தாள்.

"மாதாவின்ர கூடு தூக்கிற மாதிரித் தூக்கோணுமாம்."

அதோடு எல்லாம் மாறியது. பெருநாளில் மாதாவின் சுரூபத்தைக் கூட்டில் வைத்துத் தோளில் சுமந்து ஊர் சுற்றுவோம். மாதாவின் கிரீடம் அசைந்தால் அந்த வருடம் கடலில் மீன் படாது என்று ஒரு கதை உண்டு, அதனால் தூக்குகிறவர்கள் கண்ணாடிக்கு மேல் நடக்கிற மாதிரி நடப்பார்கள். அப்படித் தூக்குகிற ஆறு பேரும் அங்கேதான் நின்றார்கள். மீன் ஏலம் போடுகிற கொட்டிலுக்குள்ளிருந்து மேசையைக் கொண்டுவந்து கவிழ்த்தார்கள். போர்வையாலும் சீலையாலும் சுற்றிய அத்தானை அதில் கிடத்தினார்கள். மழை தூறியதால் மேலே நிமிர்ந்து நின்ற நான்கு கால்களிலும் நீலப் படங்கு ஒன்றைக் கட்டினார்கள். கட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் அச்சு அசல் கூடு. பூச்சரம்தான் இல்லை, மீன் மணம் இருந்தது.

தோளில் ஏற்றினார்கள். ஒரு அசைவு இல்லை. நான் தொலைபேசியோடு பக்கத்தில் நடந்தேன். மறுபக்கம் மாமி, பொத்திய கையோடு. பின்னால் ஊர். கொஞ்சத் தூரம் போனதும் யாரோ ஒருவர் பழக்கதோஷத்தில் மன்றாட்டுத் தொடங்கிவிட்டார், பின்னால் வந்தவர்கள் மறுமொழி சொன்னார்கள். வேலியோரம் நின்ற பெண்கள் சிலுவை போட்டார்கள். ஒருத்தி முழங்காலில் நின்றாள். படங்கு கொஞ்சம் விலகி, உள்ளே கிடப்பது யார் என்று தெரிந்ததும், இவனுக்கா என்கிற மாதிரி எழும்பிச் சீலையைத் தட்டிக்கொண்டாள்.

கோயில் மணி அடிக்கிற அண்ணைக்குக் கண்பார்வை குறைவு. கூடு வருவது அவருக்குத் தெரிந்தது. மார்கழியில் ஏன் வருகிறது என்று அவர் யோசிக்கவில்லை, பெருநாள் மணியைப் போட்டு அடித்தார். கிட்ட வந்ததும் சுரூபம் நிமிர்ந்து நிற்காமல் படுத்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். உடனே நிறுத்திவிட்டு ஒற்றை ஒற்றையாகத் துக்க மணிக்கு மாறினார். அக்கா அதைக் கேட்டு, கீழே இருந்தபடியே அவருடைய பரம்பரையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொன்னாள். ஆள் சாகவில்லை என்பது அவருக்கு விளங்கி, திரும்பவும் பெருநாள் மணி தொடங்கினார், முன்னையதைவிடப் பலமாக.

சிரித்துக்கொண்டிருந்த நான் அப்போதுதான் பயந்தேன். பெருநாள் மணி அடிக்கக் கூடு கோயில் வாசலுக்கு வந்தால் தூக்குகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மூன்று தரம் கூட்டை மேலே உயர்த்தி இறக்கி மாதாவை வணங்க வைப்பார்கள். அது அவர்கள் யோசித்துச் செய்வதல்ல, தோள் தானாகவே செய்யும். ஆறு பேரின் முழங்காலும் ஒன்றாக மடிவதைக் கண்டேன். அக்கா மணிக்காரரோடு இன்னும் சண்டையில் நின்றாள். காதுக்குள் சொல்ல ஒருவரும் இல்லை.

"ஆட்டாதேங்கோ" என்று கத்தினேன்.

யார் கத்தியது என்று நானே திரும்பிப் பார்த்தேன். மணி நின்றது. மன்றாட்டு நின்றது. ஆறு பேரும் மடிந்த முழங்காலோடு அப்படியே நின்றார்கள். முன்னால் தூக்கியிருந்த கூட்டாளி தலையைத் திருப்பாமலே, "தம்பி, உனக்குத் தொண்டை இருக்குதெண்டு ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்றார். பிறகு மெதுவாக நிமிர்ந்து நடந்தார்கள்.

வீதியில் அம்புலன்ஸ் வந்து நின்றது. அத்தானோடு நானும் மாமியும் ஏறினோம், அக்கா ஓட்டோவில் பின்னால் வந்தாள். அம்புலன்ஸ் சாரதி குழிக்குக் குழி நிறுத்தி நிறுத்தி ஓட்டினார். அத்தான் விட்டு விட்டுத்தான் மூச்சு விட்டார், அடுத்த மூச்சு வரும்வரைக்கும் நாங்கள் இருவரும் விடவில்லை. ஆசுப்பத்திரி மதில் தெரியத் தொடங்கியது. வந்து சேர முதல் கேட்டுச் சொல்லுங்கோ என்று டொக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. திரும்பக் கத்தலாமா என்று யோசித்தேன். ஆனால் என் தொண்டைக்குள் இருந்த ஒரே கத்தலைக் கோயில் வாசலில் செலவழித்தாயிற்று. குனிந்து, கம்பி வலைக்குப் பின்னால் இருந்து பெயர் கேட்கிற அதே குரலில் கேட்டேன்.

"மாமி, அந்த ஒரு குளிசை எங்க?"

மாமி காதைக் கிட்டக் கொண்டுவந்தார். திரும்பக் கேட்டேன். மாமி சாரதியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். எங்கள் இருவரைத் தவிர ஒருவருக்கும் கேட்காது என்று தெரிந்ததும், பொத்தியிருந்த கையை விரித்தார்.

செபமாலை இல்லை. உள்ளங்கை முழுக்க இளஞ்சிவப்புக் களி. நடுவில் அரைவாசி கரைந்த குளிசை.

"நீ டொக்டரோட கதைச்சுக்கொண்டு நிக்கேக்க போடத்தான் பாத்தனான். பல்லை இறுக்கிக்கொண்டு வாயைத் திறக்கேல்லை. சின்னனில இருந்து இவன் அப்பிடித்தான். குளிசை எண்டால் செத்தாலும் வாயைத் திறவான்."

நான் அத்தானைப் பார்த்தேன். எவ்வளவு நல்ல மனுசன் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

வாசலில் நின்ற டொக்டரிடம் ஒரே வசனம் சொன்னேன், உள்ளே போகவில்லை என்று. அவருக்கு அது முதல் தரமே கேட்டது.

அத்தானை அலுங்காமல் கட்டிலுக்கு மாற்றினார்கள். போர்வைக்குள் சூட்டுக் காற்று விட்டார்கள், சேலைனைச் சூடாக்கி ஏற்றினார்கள். பக்கத்துத் திரையில் இதயத்தின் கோடு, வெறிகாரன் வீட்டுக்குப் போகிற மாதிரி நின்றும் தள்ளாடியும் போய்க்கொண்டிருந்தது. தட்டத்தில் ஊசி மருந்துச் சிமிழ் ஒன்று ஆயத்தமாக இருந்தது. தாளத்தைக் கட்டுப்படுத்துகிற மருந்துதான் என்று தாதி சொன்னார். டொக்டர் அதைத் தொடவில்லை. உடம்பு இன்னும் கொஞ்சம் சூடாகட்டும், அதுவரைக்கும் மருந்துக்குத் துண்டு குடுக்க வேண்டாம் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். தொலைபேசியை வாயோடு வைத்தபடி மாமிக்கு நான் சொன்ன உவமையை அவரும் கேட்டிருக்கிறார். எனக்குக் காது சூடாகியது.

மத்தியானத்துக்கு மேல் கோடு தானாகவே ஒழுங்குக்கு வந்தது. சிமிழ் திறக்கப்படவே இல்லை. அத்தான் முதலில் நடுங்கத் தொடங்கினார், எல்லோரும் சந்தோசப்பட்டோம். பிறகு கண்ணைத் திறந்து, என்னைத் தூக்கிக்கொண்டு போகேக்க ஏன் மீன் நாறினது என்று கேட்டார்.

மாமி மூன்று கிழமையாகக் குளிசை போடாமல் பெட்டிக்குள் சேர்த்த கதையை நான் டொக்டரிடம் சொல்லவில்லை. கடலுக்குப் போகிறவனுக்கு என்றைக்காவது உதவும் என்றுதான் வைத்தேன், நீ சொன்னால் ஏசுவா என்று அம்புலன்ஸிலேயே என்னிடம் கெஞ்சிவிட்டார். அதற்குப் பதிலாக நான் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டேன்.

இப்போதும் கிளினிக் நாளில் மாமி முன்வரிசையில் வந்து நிற்பார். நான் துண்டு எழுதும்போது குளிசை அட்டையை எடுத்து, ஒன்றை உடைத்து, எனக்கு முன்னாலேயே விழுங்கித் தண்ணீர் குடிப்பார். பிறகு வெறும் உள்ளங்கையைக் கம்பி வலைக்கு நேரே விரித்துக் காட்டுவார். பின்னால் நிற்கிற சனம், வயதான மனுசி துண்டுக்காரத் தம்பியை ஆசீர்வதிக்கிறா என்று நினைத்துக்கொள்ளும். நானும் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வேன், அடுத்த ஆளின் பெயரைக் கேட்பேன், அவர் காதைக் கொண்டுவந்து கம்பியில் வைப்பார்.